வெண்ணெய் வாடை

ஊறுகாய் கிடையாதாம். வெள்ளை வெளேரென்று தயிர்சாதத்தைத் தட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார்கள். நடுவர்கள் காரம், பூண்டு, வெங்காயம், ஊறுகாய் தவிர்க்கவும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாகிறது, இன்னும் அந்தச் சோறு வயிற்றுக்குள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நேற்று இதே மண்டபத்தில் யாருக்கோ வரவேற்பு நடந்திருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் பிய்த்துப் போட்ட சம்பங்கி இன்னும் மணக்கிறது. சென்ட் கூடாது, லிப்ஸ்டிக் கூடாது, தலையில் பூ கூடாது என்று எனக்கு மூன்று மெயில் அனுப்பினார்களே, இந்த மண்டபத்துக்கு ஒன்று அனுப்பியிருக்கக் கூடாதா? காலையில் சோப்புக்கூடப் போடாமல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தவள் நான். பெங்களூரில் கிராஃப்ட் பீருக்குப் போட்டி நடத்துகிறார்கள், மூக்கென்று ஒன்று இருப்பது இவர்களுக்கே தெரியாது. கழுத்தில் மாட்டிய அட்டையிலும் பெயர் அரைகுறை. மங்கையர்க்கரசி நீளமாம், கொள்ளவில்லையாம், மங்கையர் என்று நிறுத்திவிட்டார்கள். அரசியைக் காணோம். சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள் அந்த வரவேற்புப் பெண், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம் என்று. அட்ஜஸ்ட் பண்ணி அட்ஜஸ்ட் பண்ணித்தான் பத்து மாதமாக என் பெயர் எங்கேயும் இல்லாமல் போயிற்று. ஊரில் அம்மா என்னை ஜூஸ் கம்பெனியில் இருப்பதாகத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆறு வருஷம் பீர் காய்ச்சினவள் ஜூஸ் கம்பெனிக்காரி. அந்த வேலையும் இப்போது இல்லை என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை, ஜூஸ் கம்பெனியை விட்டு நின்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது. அதனால்தான் இந்த நாற்காலி. இந்த நாற்காலிக்கு என்னைக் கூப்பிட்டபோது எனக்கு அழுகை வந்தது, அதையும் யாரிடமும் சொல்லவில்லை. பீருக்கு மதிப்பெண் போட உட்காரவைத்திருக்கிறார்கள் என்றால், வேலை போனாலும் நாக்கு போகவில்லை என்று நாலு பேர் நம்புகிறார்கள் என்று அர்த்தம். நாக்கைத் தவிர என்னிடம் வேறென்ன மிச்சம்?

எதிரே அருள் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு வாய்த்த இன்னொரு நடுவன். தங்கவயல் பையன், முப்பது வயதிருக்கும், ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி. ஒரு நாள் ஒரு பீரும் காய்ச்சியதில்லை. இதுவரை ரெண்டாயிரத்து நானூறு பீர் குடிச்சிருக்கேங்க்கா, எல்லாத்துக்கும் ஸ்டார் போட்டு ரெண்டு வரி எழுதிருக்கேன் என்று வந்து உட்கார்ந்ததும் போனைத் திறந்து காட்டினான். குடித்ததையெல்லாம் எண்ணி வைத்திருக்கிற மனிதனை என்ன செய்வது. காய்ச்சுகிறவளுக்கு ஒரு தொட்டி சரியாக வர மூன்று வாரம், இவனுக்கு ஸ்டார் போட மூன்று விநாடி. மேசை மூன்று, உள்ளூர்ப் பொருள் சேர்த்த பீர்கள், ஆறு கோப்பை. வனஜா என்று ஒரு அம்மாள், நாற்பத்தைந்து வயது, நீல ஏப்ரன், ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கிறாள். பாட்டில் கண்ணில் படாது, திரைக்குப் பின்னால் ஊற்றி எண் எழுதித்தான் வரும். ஒயினைத் துப்புகிற மாதிரி இதைத் துப்ப முடியாது, பீரின் கசப்பு தொண்டைக்குப் பக்கத்தில்தான் தெரியும், விழுங்கியாக வேண்டும். ஐம்பதுக்கு மார்க். இரண்டு பேரும் பேசாமல் எழுதி, பிறகு தாளைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஏழு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசிப் பேசி ஏழுக்குள் வந்து சேர வேண்டும், அதுவரை அடுத்த கோப்பை வராது. முதல் கோப்பை காப்பிக்கொட்டை போட்ட ஸ்டௌட். தார் மாதிரிக் கறுப்பு, நுரை மட்டும் டிகாக்‌ஷன் நிறத்தில், வாய்க்குள் போனதும் கருகின வாசம், சிக்குமக்களூர்க் கொட்டையை வறுக்கத் தெரியாமல் தீய்த்திருக்கிறான். முப்பத்தொன்று போட்டேன். அருள் முப்பத்துமூன்று. இரண்டாவது மாம்பழக் கோதுமை பீர். மாம்பழம் எங்கே, டப்பாவில் வருகிற கூழ்தான். இனிப்பு, இனிப்பு, இன்னும் கொஞ்சம் இனிப்பு. இதற்கு எதற்குப் பீர், பேசாமல் என் அம்மா சொல்கிற கம்பெனிக்கே போய் வேலை பார்க்கலாம். இருபத்துநான்கு போட்டேன். அவன் முப்பது, ஸ்வீட்டா நல்லாத்தான்க்கா இருக்கு என்றான், வாயை மூடிக்கொண்டேன், ஆறுதான் வித்தியாசம். மூன்றாவது கறிவேப்பிலை போட்ட ஐபிஏ, கசப்புக்கென்றே காய்ச்சுகிற ரகம். அது பிழைத்தது. ஹாப்ஸ் பூவின் கசப்பும் கறிவேப்பிலையின் பச்சை வாடையும் சண்டை போடாமல் ஒரே வீட்டில் குடியிருந்தன. யாரோ தெரிந்து செய்திருக்கிறான். முப்பத்தாறு. அருள் முப்பத்தைந்து. எழுதும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது, என் நாக்கு வேலை செய்கிறது, பத்து மாதம் சும்மா கிடந்தும் துரு ஏறவில்லை. தண்ணீர் குடித்தேன், உப்பில்லாத பிஸ்கட்டைக் கடித்தேன், அடுத்தது வரட்டும் என்று உட்கார்ந்தேன்.

நான்காவது கோப்பை மேசைக்கு வருமுன்பே தெரிந்துவிட்டது. வனஜா இன்னும் நாலடி தூரத்தில் இருக்கிறாள், நாரத்தங்காய் என்னிடம் வந்துவிட்டது. உப்பில் ஊறிக் காய்ந்த நாரத்தை. மத்தியானம் அந்தச் சோற்றுக்கு இல்லாமல் போன நாரத்தை. வெளிறின மஞ்சள், லேசான கலங்கல், வந்த வேகத்தில் அடங்குகிற நுரை, எல்லாம் அதேதான். ஜெர்மன்காரன் உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுப் புளிக்கவைக்கிற கோதுமை பீர் ஒன்று உண்டு, கோஸ என்பார்கள். ஒருமுறை காய்ச்சலில் படுத்து, கஞ்சிக்கு நாரத்தையைத் தொட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது, உப்பு, புளிப்பு, கொஞ்சம் கசப்பு, இதைத்தானே அவன் அங்கே கஷ்டப்பட்டுத் தேடுகிறான் என்று. புளிக்கவைக்கத் தயிரிலிருந்துதான் உறை எடுத்தேன். ஈரோட்டுப் பால் பண்ணைப் பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருஷம் தயிரோடும் வெண்ணெயோடும் மல்லுக்கட்டினவளுக்கு அதைச் சொல்லியா தரவேண்டும். பதினோரு முறை கெட்டு, பன்னிரண்டாவது முறை வந்தது. என் பீர். உலகத்தில் வேறு எவளுக்கும் தோன்றாத பீர். எழுந்திரு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதுதான் விதி. எந்தக் கோப்பையாவது யாருடையது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே கையைத் தூக்கி எழுந்துவிட வேண்டும், காலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழவில்லை. கோப்பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு அதன் மேல் கிரிதரனின் முகத்தைப் பார்த்தேன்.

கிரிதரன். பீளமேட்டு மில் குடும்பம், மெதுவாகப் பேசுவான், கோபமே வராது, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. இடம் அவனுடையது, கை என்னுடையது, இரண்டு பேரும் சேர்ந்துதான் பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற பப் ஒன்றை இந்த ஊரில் ஆரம்பித்தோம். ஆறு வருஷம். நாரத்தை பீர் ஊரெல்லாம் பேசப்பட்ட பிறகு பாட்டிலில் அடைக்கலாம் என்றான், சரி என்றேன். லேபிள் அச்சாகி வந்தது. கிரிதரனின் அம்மா கைப்பக்குவம் என்று கொட்டை எழுத்தில். அவன் அம்மாவை எனக்குத் தெரியும், நல்ல மனுஷி, சமையற்காரரிடம் என்ன செய்யலாம் என்று கேட்பதோடு அவர் சமையல் முடிந்துவிடும். நாரத்தங்காயை எந்தப் பக்கம் நறுக்குவது என்றுகூடத் தெரியாது அந்த அம்மாளுக்கு. கேட்டேன். கத்தினேன் என்று சொல்வதுதான் சரி. அவன் கத்தவில்லை. "ஏனுங்க மங்கை, அம்மான்னு போட்டா நாலு பேரு வாங்குவாங்க. ரெசிபிங்கறது என்னங்க, காகிதம். அத யாரு வேணா வாசிக்கலாமுங்க" என்றான். யாரு வேணா வாசிக்கலாமுங்க. அந்த வாக்கியம் பத்து மாதமாகக் காதுக்குள் பூச்சி மாதிரி சுற்றுகிறது. பல் தேய்க்கும்போது சுற்றும். பஸ்ஸில் நிற்கும்போது சுற்றும். வாசியுங்களேன், வாசித்துத்தான் பாருங்களேன், நான் இல்லாமல் அந்தத் தொட்டியில் என்ன வருகிறதென்று பார்ப்போம் என்று அன்றைக்கே சாவியை மேசையில் எறிந்துவிட்டு வந்தேன். கெட்டுப்போகும் என்று காத்திருந்தேன். ஆமாம், காத்திருந்தேன், அதில் என்ன வெட்கம். ஒரு வாரம், ஒரு மாதம், இன்றைக்குக் கெடும் நாளைக்குக் கெடும், தொட்டி பொங்கி வழியும், யாராவது போன் செய்து மங்கை மேடம் கொஞ்சம் வாங்க என்பார்கள். தொட்டி கழுவுகிற ஓசூர்க்காரிகூடக் கூப்பிடவில்லை. ஆறு வருஷம் பக்கத்திலேயே நின்றவள். நான் சாவியை எறிந்தபோது அவள் குழாயைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள், தண்ணீர் பாட்டுக்கு அவள் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை, போகாதீங்கம்மா என்று ஒரு வார்த்தை. இல்லை. அவர்களெல்லாம் யார் சம்பளம் கொடுக்கிறானோ அவன் பக்கம்தான். இந்த மேசையில் முதலாவதாக வருகிற பீர் சாயங்காலம் மேடைக்குப் போகும். மேடையில் கிரிதரன் நிற்பான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, எங்கம்மா கைப்பக்குவமுங்க என்பான். கை தட்டுவார்கள். நானும் நடுவர் வரிசையில் உட்கார்ந்து தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அழகாக இருக்காது.

குடித்தேன். என்ன குடித்தேன் என்று கேட்டால் தெரியாது. கோபத்தைத்தான் குடித்தேன், அது தொண்டையில் இறங்கினது மட்டும் தெரியும். பேனாவை எடுத்தேன். வாசனை, பன்னிரண்டுக்கு நான்கு. தோற்றம், மூன்றுக்கு ஒன்று. சுவை, இருபதுக்கு ஒன்பது. கை பாட்டுக்கு ஓடியது. உப்பு தூக்கல், புளிப்பு ஒட்டவில்லை, நாரத்தை பின்னால் நிற்காமல் முன்னால் வந்து கத்துகிறது. போதவில்லை. இதெல்லாம் ருசி, ருசிக்கு மறுபேச்சு உண்டு. மறுபேச்சில்லாத ஒன்று வேண்டும். எழுதினேன்: வெண்ணெய் வாடை. எழுதிவிட்டு அடியில் கோடும் போட்டேன். நொதித்தல் முடிகிற சமயத்தில் அவசரப்பட்டு இறக்கினால் பீரில் வெண்ணெய் வாடை தங்கிவிடும், இரண்டு நாள் பொறுத்திருந்தால் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்துவிடும். பொறுமையில்லாதவன் பீரில் வெண்ணெய் இருக்கும். எத்தனை நல்ல பீராக இருந்தாலும் அந்த ஒரு சொல் போதும், ஆளைத் தூக்கிவிடும். அதிலும் நான் சொன்னால் கேட்கவே வேண்டாம். இந்த ஊரில் பீர் காய்ச்சுகிற அத்தனை பேருக்கும் தெரியும், வெண்ணெய்க்கு மங்கை மூக்கு. பால் பண்ணையில் பழகின மூக்கு. வேறு பப்பிலிருந்துகூட டம்ளரை மூடி எடுத்துக்கொண்டு வருவார்கள், மங்கை, கொஞ்சம் மோந்து சொல்லேன் என்று. அந்த மூக்கை வைத்துத்தான் எழுதினேன். மேலும் எழுதினேன். அவசரம், அலட்சியம், பொருளின் மேல் மரியாதை இல்லை, அடுத்தவர் யோசனையைக் காப்பியடித்த வாடை. கடைசி வரியை அடித்துவிட்டேன், அது பீரைப் பற்றியது இல்லை. தாள் தீர்ந்துவிட்டது, திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன். மொத்தம் இருபத்திரண்டு. பேனாவை மூடியபோது விரல் வலித்தது. நன்றாக இருந்தது. பத்து மாதத்தில் முதல்முறையாக நன்றாக இருந்தது.

"எவ்ளோங்க்கா?" என்றான் அருள். நீ சொல்லு என்றேன். "நாப்பத்தொண்ணு." தாளைத் திருப்பினான். நானும் திருப்பினேன். அவன் என் எழுத்தை வரிவரியாக வாசித்தான், பின்பக்கமும் வாசித்தான். பத்தொன்பது வித்தியாசம். "வெண்ணெயா? எனக்கு வரலீங்க்கா" என்றான். "சில பேர் மூக்குக்கு அது எட்டாது. பொறப்புலயே அப்படித்தான். உன் தப்பில்ல" என்றேன், ஆறுதல் சொல்கிற மாதிரி. என்ன நடிப்பு. அவன் மறுபடி மோந்தான், கோப்பையைக் கையால் மூடி, குலுக்கி, திறந்து மோந்தான். "இருக்கலாம்க்கா. ஆனா உப்பு பாருங்க, நாக்கு நுனிய தொட்டுட்டு போயிடுது. தயிர்ப் புளிப்பு, கடுக்கல. அப்புறம் கடைசியில கசப்பே இல்லக்கா. நாரத்தங்காயப் போட்டுட்டுக் கசப்பு ஒட்டாமப் பண்றது சும்மா இல்ல. யாரோ பக்கத்துலயே நின்னு பாத்துப் பாத்துப் பண்ணிருக்காங்க." ஆறு வருஷத்தில் கிரிதரன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாருமே சொன்னதில்லை. சூப்பர் மங்கை, செம்ம மங்கை, இதுதான் அதிகபட்சம். உப்பு நாக்கு நுனியைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும் என்று நான் ஏழு தொட்டி கொட்டியிருக்கிறேன், அதை ஸ்டார் போடுகிற ஒரு பயல் வந்து கண்டுபிடிக்கிறான், நான் எதிரில் உட்கார்ந்துகொண்டு இல்லை இல்லை என்று தலையாட்டுகிறேன். "நீ பீர் காய்ச்சிருக்கியா?" என்று கேட்டேன், கேட்ட குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. இல்லீங்க்கா என்றான். "அப்ப எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன். இது அவசரப்பட்டு எறக்கின பீர்." அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்தான். "வெண்ணெய்னு நீங்க சொன்னா நான் எதுத்துப் பேச முடியாதுங்க்கா. அதுல உங்க மூக்குதான் மூக்கு. நான் முப்பதுக்கு எறங்கறேன். நீங்க இருபத்தஞ்சாக்குங்க. அஞ்சுதான் வித்தியாசம், முடிஞ்சுது." முடிந்தது. முப்பதும் இருபத்தைந்தும் வாங்கின பீர் எந்த மேடைக்கும் போகாது. ஜெயித்துவிட்டேன். கிரிதரன் சாயங்காலம் கீழே உட்கார்ந்து அடுத்தவனுக்குக் கை தட்டுவான்.

ஜெயித்தவள் இருபத்தைந்து என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? எழுதுமுன் இன்னொரு வாய் குடித்தேன். எதற்கென்று தெரியாது. வெண்ணெய் இருந்தது. தெளிவாக இருந்தது. நாக்கின் நடுவில், உருகின வெண்ணெய் மாதிரி வழவழவென்று, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு. கோப்பையைக் கீழே வைத்தேன். பிஸ்கட்டைக் கடித்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி குடித்தேன். இருந்தது. அப்படியானால் நான் பொய் எழுதவில்லை, உண்மைதான் எழுதியிருக்கிறேன், என் மூக்கு எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துக் கைக்குச் சொல்லிவிட்டது. கிரிதரன் அவசரப்பட்டிருக்கிறான், ஆர்டர் நெருக்கியிருக்கும், இரண்டு நாள் பொறுத்திருக்க மாட்டான். நான் சொன்னேன் இல்லையா கெடுமென்று. ஆனால் முதல் வாய்க்கு இது இருந்ததா? ஞாபகமில்லை. முதல் வாய் என்ன ருசி என்றே எனக்கு ஞாபகமில்லை. பொய்யென்று தெரிந்துதானே எழுதினேன், தெரிந்துதானே கோடு போட்டேன். பிறகெப்படி இருக்கும்? பீர் கொஞ்சம் சூடேறியிருக்கிறது, சூடேறினால் வெண்ணெய் மேலே வரும், அது சரி, அது பாடம். இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் நான் எழுதியதால் இருக்கிறதா? இரண்டாவது கோப்பை மாம்பழத்துக்குப் போட்டேனே இருபத்துநான்கு, அது நாக்கு போட்டதா, டப்பாக் கூழின் மேல் இருந்த எரிச்சல் போட்டதா? இவ்வளவு நேரமாக நான் எதைத்தான் ருசி பார்த்தேன்? பத்து மாதமாக என்னிடம் மிச்சமிருப்பது இது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, வேலை இல்லை, பெயர் இல்லை, நாக்கு இருக்கிறது என்று. அதுவும் நான் கேட்டதையெல்லாம் சொல்கிற நாக்காகிவிட்டதா? பயமாக இருந்தது. கோபம் அப்படியே இருந்தது, அதன் அடியில் பயமாக இருந்தது. "வனஜாம்மா" என்று கூப்பிட்டேன். "நாலாம் நம்பருக்கு இன்னொரு பாட்டில் வேணும்." குறை சந்தேகப்பட்டால் இரண்டாவது பாட்டில் கேட்கலாம், அதுவும் விதிதான். அருள் பேனாவை மூடினான்.

அந்த அம்மாள் திரைக்குப் பின்னால் போய் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் அதற்குள் எடுத்துவிட்டேன். புது பாட்டில். இது வேறு பாட்டில், இதில் உண்மை தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன். வெண்ணெய் இல்லை. ஒரு பொட்டு இல்லை. கோதுமையின் லேசான ரொட்டி வாசம், பின்னால் தயிர், நாக்கு நுனியில் உப்பு தொட்டது, போய்விட்டது, அதன் பிறகு நாரத்தை மெல்ல வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். சரியாக இருந்தது. நான் இல்லாமல் சரியாக இருந்தது. அதுதான், அதேதான், முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது தெரிந்துதான் அத்தனை ஆத்திரத்தோடு பேனாவை எடுத்திருக்கிறேன். அவன் திருடினான் என்பதற்காக இல்லை. நான் சாவியை எறிந்துவிட்டு வந்த பிறகும் அந்தத் தொட்டி ஒரு குறையும் இல்லாமல் புளித்து, நொதித்து, பொறுமையாக அடங்கியிருக்கிறது என்பதற்காக. கடைசி மிடறை விழுங்கிவிட்டுக் கசப்புக்காகக் காத்திருந்தேன். என் பீரில் கடைசியில் ஒரு கசப்பு இருக்கும், வால் மாதிரி, தொண்டையில் கொஞ்சம் நேரம் இழுக்கும். அது நாரத்தையின் குணம், வேண்டுமென்றே வைத்தது என்று எல்லாரிடமும் சொல்லுவேன். வேண்டுமென்று வைத்ததில்லை, போக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். காத்திருந்தேன். வரவில்லை. அருள் சொன்னானே, கசப்பே இல்லக்கா என்று, அப்போதே காதில் விழுந்தது, நின்று யோசிக்கவில்லை. கசப்பைப் போக்கினது யார்? காகிதத்தில் அது இல்லையே. சுவரில் நான் ஒட்டிய காகிதத்தில் ஊறினதை அப்படியே போடவும் என்றுதான் எழுதியிருக்கும். "ரெண்டு தடவ அலசிட்டுப் போட்டா கசப்பு போயிடும்மா, உப்ப அப்புறமா தனியாப் போட்டுக்கலாம்." அந்தக் குரல். முழங்கைவரை ஈரம், கையில் நாரத்தைக் கூடை, என்னைவிட நாலு வயது மூத்தவள், என்னை அம்மா என்று கூப்பிடுகிறவள். நான் என்ன சொன்னேன்? "தொட்டி கழுவறதோட நிறுத்திக்கோ. சொன்னத மட்டும் செய்." அவள் சரிங்கம்மா என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அலசியிருக்கிறாள். நான் போன பிறகு இரண்டு தடவை அலசியிருக்கிறாள். காகிதத்தை வாசிப்பது யாராலும் முடியும், காகிதத்தில் இல்லாததை அவள் போட்டிருக்கிறாள். என் பீரைவிட இது நல்ல பீர். இந்த வாக்கியத்தை எனக்குள்ளேயே முழுசாகச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் வனஜா, இன்னும் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "ரெண்டாவது பாட்டில் ஐஸ் பெட்டியிலயே ஒடஞ்சு கெடக்கு. மொத பாட்டில்ல மிச்சமிருந்ததத்தான் ஊத்திட்டு வந்தேன். சொல்லலாம்னு பாத்தேன், அதுக்குள்ள குடிச்சிட்டீங்க." அதே பாட்டில். பழைய கோப்பையைப் பார்த்தேன், அடியில் ஒரு வாய் மிச்சமிருந்தது. அதையும் எடுத்துக் குடித்தேன். வெண்ணெய் இல்லை. அங்கேயும் இல்லை, எங்கேயும் இருந்ததில்லை. நான் எழுதினேன், அதனால் இருந்தது. கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது, அறைந்ததும் நான்தான். சீ என்று வாய்விட்டுச் சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்து மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி நேராகத் தூக்கினேன். அதைப் பார்த்திருந்தால் எனக்கே சிரிப்பாக இருந்திருக்கும். "அருள், இது எனக்குத் தெரிஞ்ச பீர்." அவன் போனைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுங்க்கா."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டாயிரத்து நானூறு பீருக்கு எழுதிருக்கேன். புடிக்காததுக்கு ஒரு வரி எழுதுவோம், மிஞ்சிப்போனா ரெண்டு. அடுத்தவங்க பீர யாரும் இவ்ளோ கோவமா எழுத மாட்டாங்க. நீங்க பின்பக்கமும் எழுதிட்டீங்க."

"அப்புறம் ஏன் முப்பதுக்கு எறங்கி வந்தே?"

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்தேன்" என்றான். பிறகு, "பயமாவும் இருந்துச்சு, நெஜமாவே வெண்ணெய் இருக்குமோன்னு. உங்க மூக்காச்சே" என்றான்.

தலைமை நடுவர் வந்தார். என் தாளை வாங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். அருள் முப்பதை அடித்துவிட்டு நாற்பத்தொன்று என்று திரும்ப எழுதினான். ஐந்தாம் ஆறாம் கோப்பைகள் இனி எனக்கில்லை, இந்த நாற்காலியும் இல்லை, அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். முன்னாலேயே எழுந்திருந்தால் மரியாதையாகப் போயிருக்கலாம். சாயங்காலம் கிரிதரன் மேடையில் நிற்பான், எங்கம்மா கைப்பக்குவமுங்க என்பான். அதை நினைத்ததும் கோபம் பழையபடி கிளம்பி வந்தது, எங்கேயும் போய்விடவில்லை, கல் மாதிரி அங்கேயே இருக்கிறது. இருக்கட்டும். அவன் மேல் வருகிற கோபத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பத்து மாதமாக என் பெயரை விட்டுவிட்டான், என் பெயரை விட்டுவிட்டான் என்று அடித்துக்கொண்டேனே, ஆறு வருஷத்தில் நான் எழுதிய எந்தக் காகிதத்தில் அவள் பெயர் இருந்தது? தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கும், யார் எப்போது என்ன போட்டார்கள் என்று எழுதுகிற பலகை. மூட்டை தூக்கினது அவள், கிளறினது அவள், பலகையில் எழுதியிருந்த பெயர் மங்கை, மங்கை, மங்கை. இந்த ஒரு மத்தியானம் முழுக்க எனக்குள் பேசிக்கொண்டிருந்தபோதுகூட அவளைத் தொட்டி கழுவுகிறவள் என்றுதான் சொன்னேன்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். விலகுகிற நடுவர் பெயர், மேசை எண், கோப்பை எண், காரணம். பெயரை முழுசாக எழுதினேன், கட்டத்துக்கு வெளியே போயிற்று, போகட்டும். காரணத்தில் நான் காய்ச்சிய பீர் என்று எழுதினேன். அடித்தேன். என் பீர் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். பிறகு தமிழில் எழுதினேன்: இதைக் காய்ச்சியவரை எனக்குத் தெரியும். அவர் பெயர் ஈஸ்வரி. எழுதி முடித்ததும் பேனா அங்கேயே நின்றது, இனிஷியல் போட வேண்டும், எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம். அப்பா பெயரோ, புருஷன் பெயரோ, ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ஊரை எழுதினேன், ஓசூர் ஈஸ்வரி என்று.

அருள் எட்டிப் பார்த்தான். "அக்கா, இதுல யார் பேரும் எழுதக் கூடாதுக்கா. ரூல். பாத்தா கிழிச்சுப் போட்டுடுவாங்க."

"கிழிக்கட்டும்" என்றேன். "படிச்சிட்டுக் கிழிக்கட்டும்."